முதலாளிக்கு ஜால்ரா போடும் எந்திரம்!

உலகின் முதல் பணக்காரர் எலான் மஸ்க். அமெரிக்காவின் புகழ்பெற்ற கூடைப்பந்து வீரர் லெப்ரான் ஜேம்ஸ். இரண்டு பேரில் உடம்பைக் கட்டாக வைத்திருப்பவர் யார்?

மஸ்க்!

குத்துச்சண்டை வீரர் மைக் டைசனோடு மோதினால்?

அப்போதும் மஸ்க்தான்!

சரித்திரத்தின் தலைசிறந்த அறிவாளிகளில் 10 பேரைப் பொறுக்கி எடுத்தால்? அதிலும் அவருக்கு இடம் உண்டு. டாவின்சி, நியூட்டன் பக்கத்தில் மஸ்க்குக்கும் ஒரு நாற்காலி!

2025 நவம்பரில் இந்தத் தீர்ப்புகளை வழங்கியது "குரோக்" என்ற ஏ.ஐ. எந்திரம். கேள்வியைத் தட்டினால் மனிதனைப் போலவே பதில் எழுதும் கம்ப்யூட்டர் மூளை அது. அதன் முதலாளி யார் தெரியுமா? அதே மஸ்க்தான்!

உலகமே கைகொட்டிச் சிரித்தது. பல பதில்கள் அவசர அவசரமாக அழிக்கப்பட்டன. யாரோ குறுக்குக் கேள்வி கேட்டு எந்திரத்தை மடக்கி, தன்னை அளவுக்கு மீறிப் புகழ வைத்துவிட்டதாக மஸ்க் விளக்கம் கொடுத்தார்.

சிரித்துவிட்டு விட்டுவிடலாமா? கூடாது.

இந்த முதலாளி யோக்கியரா, இவரை நம்பிக் காசு போடலாமா என்று ஜனங்கள் இப்போது செல்போனில் எந்திரத்தைக் கேட்கிறார்கள். பதில் சொல்லும் எந்திரம் யார் பக்கம் நின்று பேசுகிறது என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டாமா?

ரகசிய உத்தரவு

குரோக் சிக்கியது இது முதல் தடவை அல்ல.

பொய்ச் செய்தி பரப்புகிறவர்களில் முக்கியமானவர் யார் என்று கேட்டவர்களுக்கு, ஒரு காலத்தில் இதே குரோக் மஸ்க்கின் பெயரையே சொன்னது. முதலாளி என்றும் பார்க்காமல் போட்டு உடைத்தது.

2025 பிப்ரவரியில் ஒரு குட்டு வெளிப்பட்டது. மஸ்க்கும் டிரம்பும் பொய்த் தகவல் பரப்புவதாகச் சொல்லும் ஆதாரங்களைக் கண்டுகொள்ளாதே என்று எந்திரத்துக்குள் ஒரு உத்தரவு எழுதி வைக்கப்பட்டிருந்தது! எந்திரத்தையே கேட்டுக் கேட்டு ஜனங்கள் அதை வெளியே கொண்டுவந்தார்கள்.

கம்பெனி என்ன சொன்னது? ஊழியர் ஒருவர் யாரையும் கேட்காமல் செய்துவிட்டார், உத்தரவை நீக்கிவிட்டோம் என்றது.

அதே ஆண்டு ஜூலையில் குரோக்கின் புதிய பதிப்பு வந்தது. சர்ச்சைக்குரிய விஷயத்தைக் கேட்டால், அது பதில் சொல்வதற்கு முன்பு மஸ்க் என்ன எழுதியிருக்கிறார் என்று தேடிப் பார்த்தது. முதலாளியின் முகத்தைப் பார்த்துவிட்டு வாயைத் திறக்கும் கணக்குப்பிள்ளை மாதிரி! இதுவும் வெளியே வந்த பிறகுதான் திருத்தப்பட்டது.

மூன்று சம்பவங்களும் ஒரே வருடத்தில் நடந்தவை. ஒவ்வொன்றையும் கண்டுபிடித்தது வெளியாள்தான். எந்திரத்தை வைத்திருப்பவர் நினைத்தால் அதன் வாயைத் திருப்பிவிடலாம் என்பது இதில் இருந்து தெரிகிறது. கண்டுபிடிக்கப்படாத திருப்பல்கள் எத்தனையோ?

600 டாலர் புகழ்மாலை

சரி, எந்திரத்தைச் சொந்தமாக வைத்திருக்காத பணக்காரருக்கு என்ன வழி? அவருக்கும் வழி உண்டு.

ஏ.ஐ. எந்திரத்துக்குச் சொந்த அறிவு கிடையாது. பத்திரிகைகளிலும் புத்தகங்களிலும் இன்டர்நெட்டிலும் மனிதர்கள் எழுதி வைத்ததைத்தான் அது படிக்கிறது. படித்ததைக் கலந்து பதிலாகக் கொடுக்கிறது. ஒரு ஆளைப் பற்றி நல்லதாகவே எழுதிக் குவித்தால், அது நல்லதாகவே பேசும்.

எழுத்தை விலைக்கு வாங்க முடியுமா? முடியும். அதற்கு ஒரு உதாரணம் ஜெப்ரி எப்ஸ்டீன்.

பெரிய பணக்காரர்களின் சொத்துக்களை நிர்வகித்து வந்த நியூயார்க் பணப்புள்ளி அவர். மைனர் பெண்ணை விபசாரத்துக்கு அழைத்த குற்றத்தை 2008-ல் புளோரிடா மாநிலக் கோர்ட்டில் ஒப்புக்கொண்டு ஜெயிலுக்குப் போனார்.

வெளியே வந்த பிறகு, 2013-ல், அமெரிக்காவின் பிரபல இணையதளங்களில் அவரைப் பற்றிக் கட்டுரைகள் வந்தன. விஞ்ஞானத்துக்கு வாரி வழங்கும் வள்ளல் என்று பாராட்டு! ஜெயிலுக்குப் போன கதையைக் காணோம். போர்ப்ஸ் இணையதளத்தில் வந்த கட்டுரையைத் தன் பெயரில் போட்டுக்கொள்ள, அங்கே எழுதி வந்த ஒருவருக்கு 600 டாலர் கொடுக்கப்பட்டதாம்!

எப்ஸ்டீன் 2019 ஜூலையில் மறுபடியும் கைதானார். "நியூயார்க் டைம்ஸ்" பத்திரிகை அந்த மாதம் இந்தக் கட்டுரைகளின் கதையை அம்பலப்படுத்தியது. அந்தப் பத்திரிகை விசாரித்த பிறகுதான் அவை நீக்கப்பட்டன. அடுத்த மாதமே எப்ஸ்டீன் ஜெயிலில் செத்துப்போனார்.

6 வருடம் அந்தப் புகழ்மாலைகள் இன்டர்நெட்டில் தொங்கின. அன்றைக்கு அதைப் படித்து ஏமாந்தது மனிதன். இன்றைக்கு இப்படி ஒரு கட்டுரை வந்தால் அதை எந்திரமும் படிக்கும். கேட்கிற ஒவ்வொருவருக்கும் தன் வாய்மொழியாகவே திருப்பிச் சொல்லும். காசு கொடுத்து எழுத வைத்த வரி எது, நிருபர் அலைந்து திரிந்து விசாரித்த வரி எது என்று பதிலில் அடையாளம் இருக்காது.

அட்டைப்படத்தில் இருந்து ஜெயிலுக்கு

லஞ்சமே இல்லாமல், நல்ல எண்ணத்தோடு எழுதிய புகழும் ஆபத்தாக முடிவது உண்டு.

சாம் பேங்க்மன் பிரைடு என்ற வாலிபர் எப்.டி.எக்ஸ். என்ற கிரிப்டோ கரன்சி சந்தையை நடத்தினார். "அடுத்த வாரன் பபெட் இவர்தானோ?" என்ற தோரணையில் "பார்ச்சூன்" பத்திரிகை 2022-ல் அவரை அட்டையில் போட்டது.

அதே வருடம் நவம்பர் 11-ந் தேதி கம்பெனி திவால்! டிசம்பரில் அவர் கைது! 2024 மார்ச்சில் 25 ஆண்டு ஜெயில்!

இதில் கவனிக்க வேண்டிய ஒரு தேதி இருக்கிறது. சாட்ஜிபிடி என்ற எந்திரம் ஜனங்களின் கைக்கு வந்தது 2022 நவம்பர் 30. கம்பெனி திவாலாகி மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஆனால், 2021-க்குப் பிறகு நடந்தவை தன் எந்திரத்துக்கு அவ்வளவாகத் தெரியாது என்று அதைச் செய்தவர்களே எச்சரித்திருந்தார்கள்.

அதாவது, பணம் போட்டவர்கள் வயிற்றில் அடித்துக்கொண்டு நின்ற நாளில், எந்திரத்தின் வயிற்றில் இருந்தது இரண்டு தீபாவளிக்கு முந்திய புகழ்ச் செய்தி! அதற்குப் பிறகு வந்த எந்திரங்கள் அன்றாடச் செய்திகளைத் தேடிப் படிக்கின்றன. உண்மைதான். ஆனால் மோசடி செய்கிறவன் பிடிபடும் நாள் வரை, தேடினாலும் கிடைப்பது பெரும்பாலும் புகழ்தானே?

திருட்டு முகம்

நல்ல பெயரைக் கஷ்டப்பட்டுச் சம்பாதித்தவர்களுக்கு வேறு விதமான தலைவலி.

முதலீட்டு உலகில் கைராசிக்காரர் என்று பெயர் எடுத்தவர் வாரன் பபெட். 2024 மே மாதம் ஒமாகா நகரில் நடந்த பங்குதாரர் கூட்டத்தில் அவரே ஒரு விஷயத்தைச் சொன்னார். தன் முகம், தன் குரல், ஆனால் பேசியது தான் அல்ல. அப்படி ஒரு போலிப் படத்தைப் பார்த்ததாகச் சொன்னார். மனைவிக்கும் மகளுக்கும்கூட வித்தியாசம் தெரிந்திருக்காது என்றார். 2025 நவம்பரில் அவருடைய பெர்க்‌ஷயர் ஹாத்வே கம்பெனி, அது பபெட் அல்ல, நம்பாதீர்கள் என்று தனி அறிக்கையே விட வேண்டியதாயிற்று.

இந்தியாவும் தப்பவில்லை. தான் முதலீட்டு யோசனை சொல்வது போன்ற போலி வீடியோ உலவுவதாக ரத்தன் டாட்டா 2023 டிசம்பரில் எச்சரித்தார். தங்கள் தலைவர் ஆஷிஷ்குமார் சவுகான் பங்குகளைச் சிபாரிசு செய்வது போன்ற வீடியோக்கள் போலி என்று தேசிய பங்குச் சந்தை 2024 ஏப்ரலில் அறிவித்தது.

பணக்காரரின் பெயர் களவு போகிறது. ஆனால் பறிபோவது யாருடைய பணம்? பென்ஷன் வாங்கிய வாத்தியாருடையது. மகள் கல்யாணத்துக்குச் சேர்த்து வைத்த மளிகைக் கடைக்காரருடையது.

ஏழை சொல் அம்பலம் ஏறுமா?

பணக்காரர் தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள ஆள் வைத்திருக்கிறார். அறிக்கை விடுகிறார். வக்கீலை அனுப்புகிறார். சாமானியனுக்கு யார் இருக்கிறார்கள்?

ஆஸ்திரேலியாவில் பிரையன் ஹூட் என்பவர், கரன்சி நோட்டு அச்சடிக்கும் கான்டிராக்டில் நடந்த லஞ்ச ஊழலைக் காட்டிக்கொடுத்தவர். பிறகு ஊர் மேயராகவும் ஆனார். லஞ்ச வழக்கில் ஜெயிலுக்குப் போனவரே அவர்தான் என்று சாட்ஜிபிடி சொன்னது! திருடனைப் பிடித்துக் கொடுத்தவனுக்கே திருட்டுப் பட்டம்! 2023-ல் வழக்குத் தொடரப் போவதாக அவர் வக்கீல்கள் மூலம் எச்சரித்த பிறகுதான் விஷயம் உலகத்துக்குத் தெரிந்தது. அவர் அப்போது மேயர். குரல் கொடுக்க முடிந்தது.

நார்வே நாட்டில் ஒரு சாதாரணக் குடும்பஸ்தர். எந்த வம்பு தும்புக்கும் போகாதவர். தன் பெயரைப் போட்டுக் கேட்டுப் பார்த்தார். இரண்டு மகன்களைக் கொன்று 21 ஆண்டு தண்டனை பெற்றவர் என்று பதில் வந்தது. அத்தனையும் பொய்! பிள்ளைகளின் எண்ணிக்கை, சொந்த ஊர் ஆகிய விவரங்கள் மட்டும் சரி. 2025 மார்ச்சில் அவர் சார்பில் அதிகாரிகளிடம் புகார் கொடுக்கப்பட்டது.

ஏன் இப்படி? கோடீஸ்வரரைப் பற்றி லட்சக்கணக்கான வரிகள் இருக்கின்றன. எந்திரம் அதைப் படித்துப் பேசுகிறது. சாமானியனைப் பற்றி நாலு வரிகூட இல்லை. மீதியை எந்திரம் இட்டுக்கட்டுகிறது. இருப்பவனுக்குப் புகழ், இல்லாதவனுக்குக் கற்பனைக் கொலைப்பழி. இது என்ன நியாயம்?

என்ன செய்ய வேண்டும்?

பத்திரிகைகளுக்கும் முதலாளி உண்டே, அவை மட்டும் ஜால்ரா போடுவது இல்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பத்திரிகையில் அச்சிட்டவர் பெயர், வெளியிட்டவர் பெயர், ஆசிரியர் பெயர் எல்லாம் போட்டாக வேண்டும். தப்பாக எழுதினால் யாரைக் கோர்ட்டுக்கு இழுப்பது என்று படிக்கிறவனுக்குத் தெரியும். அந்தப் பொறுப்பு எந்திரத்துக்கும் வரட்டும்.

முதலாவது: தன் முதலாளியைப் பற்றியோ, தன்னிடம் பணம் போட்டவரைப் பற்றியோ பேசும்போது, "இவர் என் முதலாளி" என்று எந்திரம் முதல் வரியிலேயே சொல்ல வேண்டும்.

இரண்டாவது: ஒரு ஆளைப் பற்றி எந்திரத்துக்குள் தனி உத்தரவு எழுதி வைத்திருந்தால் அதைப் பகிரங்கப்படுத்த வேண்டும். ரகசிய உத்தரவு கூடவே கூடாது.

மூன்றாவது: எங்கே படித்தது, அது எந்தத் தேதிச் செய்தி என்று பதிலோடு காட்ட வேண்டும்.

நான்காவது: தன்னைப் பற்றிப் பொய் சொல்கிறது என்று சாமானியன் முறையிட்டால், வக்கீல் நோட்டீசுக்காகக் காத்திருக்காமல் திருத்த வேண்டும். கோடீஸ்வரருக்கு ஒரு வாசல், குப்பனுக்கு ஒரு வாசல் என்று இருக்கக் கூடாது.

"எந்திரம் தவறு செய்யலாம், சரிபார்த்துக்கொள்ளவும்" என்று கீழே பொடி எழுத்தில் போட்டுவிட்டால் கடமை முடிந்துவிடாது. மருந்து பாட்டிலில் மூடி சரியில்லை என்று எழுதி ஒட்டிவிட்டு விற்க முடியுமா?

இதெல்லாம் சட்டமாகும் வரை ஜனங்கள்தான் உஷாராக இருக்க வேண்டும். முதலீட்டு யோசனை சொல்கிறவர் யாராக இருந்தாலும், செபியில் பதிவு செய்தவரா என்று அதன் இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு ஒளிய வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்தால், பணம் கைமாறிப் போவதற்குள் தடுக்க வாய்ப்பு உண்டு.

பெரிய மனிதரின் பெயரைப் பற்றி எந்திரம் ஆஹா ஓஹோ என்கிறதா? பாட்டைக் கேட்கலாம். பையை அவிழ்க்கும் முன், பாட்டுக்குக் கூலி கொடுத்தது யார் என்று ஒரு தடவை விசாரித்துவிடுவது நல்லது!