சரக்கு வரவில்லை!

"இன்னும் சரக்கு வரவில்லை அம்மா, அடுத்த வாரம் பாருங்கள்" என்று கடைக்காரர் கையை விரித்த அனுபவம் இல்லாத இல்லத்தரசி உண்டா? 1856-ஆம் வருஷம் அமெரிக்காவில், மிஸோரி நதிக்கரையில் இருந்த 16 ஊர்க்காரர்களுக்கு இந்தப் பதில்தான் கிடைத்தது. அவர்களுடைய சரக்கு வரவே இல்லை. சுமார் 200 டன் சாமானும் 'அரேபியா' என்ற மரக் கப்பலோடு ஆற்றில் அமிழ்ந்துவிட்டது.

171 அடி நீளம். இரண்டு பக்கமும் 28 அடி உயரச் சக்கரங்கள். ஆழமில்லாத தண்ணீரிலும் மிதக்க வேண்டுமே, அதற்காகத் தட்டையான அடிப்பாகம். அதன் பசிதான் பெரும் பசி! நாள் ஒன்றுக்கு 30 'கார்டு' விறகு. ஒரு கார்டு என்றால் 8 அடி நீளம், 4 அடி அகலம், 4 அடி உயரம் அடுக்கிய விறகு. விறகுத் தொட்டிக்கு நடையாய் நடந்த நம் பாட்டிமார் கேட்டால் மயங்கி விழுந்திருப்பார்கள். கரையில் விறகு வெட்டி விற்பதையே பிழைப்பாகக் கொண்டவர்கள் இருந்தார்கள். கப்பலை அங்கங்கே நிறுத்தி, கூலியாட்கள் தோளில் சுமந்து ஏற்றுவார்கள்.

மணல்திட்டில் கப்பல் தட்டிவிட்டால் அது வேறு கூத்து. முன்புறமுள்ள இரண்டு நீண்ட மரங்களை ஆற்றுப் படுகையில் ஊன்றி, கட்டைக்கால்காரர் எழுந்து நடப்பது போல் கப்பலைத் தூக்கித் தூக்கி நகர்த்துவார்கள். இதற்கு 'வெட்டுக்கிளி நடை' என்றே பெயர்!

மணலைவிடப் பொல்லாதவை, வெள்ளத்தில் சாய்ந்து நீருக்கடியில் கிடக்கும் மரங்கள். 1853-ல் கட்டிய அரேபியாவை மூன்றே வருஷத்தில் ஒரு அக்ரூட் மரம் குத்திக் கிழித்தது. செப்டம்பர் 5, மாலை, சாப்பாட்டு நேரம். சில நிமிஷங்களில் கப்பல் மூழ்கியது. நல்ல வேளை, பிரயாணிகளும் சிப்பந்திகளும் ஒருவர் விடாமல் தப்பிவிட்டார்கள்.

பிறகு ஆறு தடம் மாறியது. கப்பல் ஒரு சோளக் கொல்லைக்குக் கீழே, 45 அடி ஆழத்தில் புதைந்து போயிற்று. சாராயப் பீப்பாய்கள் இருக்கின்றன என்று நம்பி முன்பே சிலர் தோண்டிப் பார்த்து ஏமாந்தார்கள். 1988-ல் ஹாலி என்ற குடும்பத்தார் சில நண்பர்களுடன் சேர்ந்து தோண்டினார்கள். ராட்சசப் பம்புகள் இரவு பகலாக நீரை இறைத்தன.

வெளியே வந்தது ஒரு முழுக் கடைத்தெரு! இங்கிலாந்துப் பீங்கான் தட்டுகள், பொத்தான்கள், மணிகள், மணம் மாறாத பிரெஞ்சு வாசனைத் தைலம். பட்டும் கம்பளியும் அப்படியே இருக்க, பருத்தி மட்டும் கரைந்து போயிருந்தது. பூட்ஸுகளின் தையல் நூல் பருத்தியானதால் அவை தோல் துண்டுகளாகத்தான் வந்தன. ஒவ்வொன்றாக மறுபடி தைத்தார்கள். பாட்டிலில் இருந்த வெள்ளரி ஊறுகாயை ஒருவர் கடித்தே பார்த்துவிட்டார். 132 வருஷத்து ஊறுகாய், நன்றாகவே இருந்ததாம்! (நீங்கள் இதைப் பரீட்சை செய்ய வேண்டாம்.)

எல்லாவற்றையும் விற்றுவிடத்தான் முதலில் நினைத்தார்கள். பார்த்த பிறகு மனம் வரவில்லை. 1991-ல் கான்ஸாஸ் நகரத்தில் காட்சிசாலையே திறந்துவிட்டார்கள்.

அங்கே ஒரு கோவேறு கழுதையின் எலும்புக்கூடும் உண்டு. அன்று மாண்ட ஒரே ஜீவன் அதுதான். "எவ்வளவு இழுத்தும் நகரவில்லை, பிடிவாதக் கழுதை" என்று அதன் சொந்தக்காரர் அப்போது சொன்னாராம். தோண்டி எடுத்தபோது அது கட்டிப்போட்டபடியே கிடந்தது.