எல்லை கடக்கும் உரிமை

மேற்கு ஆப்பிரிக்காவில் கானாவும் தோகோவும் அடுத்தடுத்த நாடுகள். தோகோவின் தலைநகராகிய லோமே எல்லைக் கோட்டை ஒட்டியே அமைந்துள்ளது; நகரின் மேற்கு ஓரத்தைத் தாண்டினால் கானாவின் அஃப்லாவோ என்னும் ஊர். இரு புறத்தும் வாழ்வோரிற் பலர் ஏவே என்னும் ஓரினத்தார். பேசும் மொழியும் ஒன்றே. அவர்கள் நிலத்தை முதலில் ஆங்கிலேயரும் செருமானியரும், முதல் உலகப் போருக்குப்பின் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பங்கிட்டுக்கொண்டனர். தமக்கை ஒரு நாட்டினள், தங்கை மற்றொரு நாட்டினள் ஆயினர். இத்தகையோரை அயலார் எனத் தடுப்பது எங்ஙனம் முறையாகும்?

1975ஆம் ஆண்டு லாகோஸ் நகரில் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொருளாதாரச் சமூகம் தோன்றிற்று. 1979இல் டாக்கரில் அந்நாடுகள் ஓர் உடன்படிக்கை செய்தன. அதன்படி, உறுப்பு நாடு ஒன்றின் குடிமகன் விசா இன்றியே மற்றொரு நாட்டில் நுழைந்து 90 நாள் தங்கலாம். செல்லத்தக்க பயண ஆவணமும், தடுப்பூசி இட்டுக்கொண்டமைக்குச் சான்றும் இருந்தாற் போதும். அதற்குமேல் தங்க விரும்புவோர் அரசின் இசைவு பெறுதல் வேண்டும். ஐரோப்பாவின் செஞ்சன் உடன்பாடு எழுதப்பெற்றது 1985இல்தான் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

ஆயினும் உரிமை நிலைபெறுவது எளிதன்று. எண்ணெய் விலை வீழ்ந்து வேலை அருகிய 1983இல், உரிய சான்றில்லா அயல்நாட்டார் இரு வாரத்திற்குள் வெளியேறுக என நைஜீரியா ஆணையிட்டது. பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் மூட்டை கட்டினர். அவருட் பெரும்பாலோர் கானா நாட்டார். கானாவோ தன் எல்லையை முன்னரே மூடியிருந்தமையின், ஊர் திரும்புவோரும் வழியிலே தேங்கி வருந்தினர். அவர்கள் சுமந்த கட்டம்போட்ட பைக்குக் 'கானாக்காரனே, போ' என்னும் பொருளில் வழங்கும் பெயர் இன்றும் மறையவில்லை. நைஜீரியாவை மட்டும் பழித்தல் நேர்மையாகாது. 1969இல் நைஜீரியர் உள்ளிட்ட அயலாரைக் கானாவும் இவ்வாறே வெளியேற்றியது.

இவற்றைக் காட்டி, உடன்படிக்கை வெறும் ஏடு என்பார் உளர். அது பொருந்தாது. விசாவுக்கென அலைந்து பணம் கட்டும் தொல்லை உண்மையாகவே நீங்கியுள்ளது. குறை, சாலையிலுள்ள காவற் சாவடிகளில் இருக்கின்றது. சான்று சரியாக இருப்பினும் கையூட்டுக் கேட்போர் ஆங்கு உளர். வானூர்தியில் வருவோரை இஃது அவ்வளவாகத் தாக்குவதில்லை. கூடை சுமந்து எல்லை கடக்கும் சிறு வணிகப் பெண்ணின் அன்றைய ஊதியமே இதனால் கரைந்துவிடுகின்றது. அவளுக்குப் பயன்படாத உரிமையை முழு உரிமை என்று எவ்வாறு கூறுவது?

2025 சனவரி 29ஆம் நாள் மாலி, புர்க்கினா பாசோ, நைசர் ஆகிய மூன்றும் அச்சமூகத்தினின்று விலகின. அரசியற் பிணக்கு அத்துணை முற்றியிருந்தும், மக்கள் விசா இன்றி வந்துசெல்வதைத் தடுக்க இரு தரப்பாரும் முற்படவில்லை. பழைய வழக்கம் தொடரும் என்றே அறிவித்தனர். நைசரின் வெங்காயமும் மாலியின் கால்நடையும் நெடுங்காலமாகக் கடற்கரை நகரங்களை நாடி வருவன. அவற்றோடு வரும் மனிதரைத் தடுப்பின் சந்தை இரு பக்கமும் வெறிச்சோடும் என்பதை ஆள்வோர் அறிந்திருந்தனர்.