தேதியை மட்டும் மாற்றினால் போதுமா தோழர்களே?

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் முதல் தகவல் அறிக்கை பதிய முதற்கட்ட விசாரணை தேவையா? தேவையில்லை. 2018-இல் சேர்க்கப்பட்ட 18ஏ பிரிவு அதைத் தெளிவாகவே சொல்கிறது. ஆனால் அதே ஆண்டு மார்ச் 20-க்குப் பிறகு, திருத்தம் வருவதற்கு முன்பு எழுதப்பட்ட ஒரு கட்டுரையைத் திறந்து பாருங்கள். டி.எஸ்.பி. முதலில் விசாரிக்கலாம், கைது செய்ய மேலதிகாரியின் ஒப்புதல் வேண்டும் என்றிருக்கும். எழுதியவர் பொய் சொல்லவில்லை. உச்ச நீதிமன்றம் அன்று அப்படித்தான் சொல்லியிருந்தது. பிறகு ஏப்ரல் 2 அன்று நாடு முழுக்க நம் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 2019 அக்டோபரில் நீதிமன்றமே அந்த உத்தரவுகளைத் திரும்பப் பெற்றது. 2020 பிப்ரவரியில் 18ஏ செல்லும் என்று தீர்ப்பு வந்தது. கட்டுரை மட்டும் 2018 ஏப்ரலிலேயே நிற்கிறது.

காவல் நிலைய வாசலில் நின்று செல்போனில் தேடும் ஒரு தங்கைக்கு அந்தக் கட்டுரை முதலில் வந்தால் என்ன ஆகும்? "விசாரிச்சுட்டுத்தாம்மா எஃப்.ஐ.ஆர். போடுவோம், நாளைக்கு வா" என்று ஏட்டு சொல்வதை அவள் சட்டம் என்றே நம்பிவிடுவாள். தேடுபொறியில் எது மேலே வருகிறது என்பதை விளம்பரக்காரர்களின் கவலை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது.

புதுசாக எழுதியதெல்லாம் மேலே வரும் என்றொரு நம்பிக்கை இருக்கிறது. அது பாதி உண்மை. கூகுள் எல்லாத் தேடலுக்கும் புதுசை எதிர்பார்ப்பதில்லை. எந்தத் தேடலுக்குப் புதிய தகவல் தேவை என்று கணிக்கும் முறையைப் பற்றி அந்த நிறுவனம் 2007-லேயே பேசியிருக்கிறது. 2011 நவம்பரில் அதை விரிவாக்கியபோது, ஏறத்தாழ 35 சதவீதத் தேடல்களில் மாற்றம் தெரியும் என்று அறிவித்தது. அப்போது மூன்று வகைகளைச் சொன்னார்கள்: இப்போது நடந்துகொண்டிருக்கும் செய்தி, தேர்தல் போலத் திரும்பத் திரும்ப வருவது, அடிக்கடி விவரம் மாறுவது. பூனா ஒப்பந்தம் எந்த ஆண்டு என்று தேடுகிறவருக்கு நேற்று எழுதிய பக்கம் வேண்டியதில்லை. நல்ல பழைய பக்கமே போதும். சட்டமும் வழக்கும் நிவாரணமும் அப்படியல்ல. இவை மூன்றாவது வகை.

இது தெரிந்ததும் பலர் பிடிக்கும் குறுக்குவழி, பழைய பதிவின் தேதியை மட்டும் மாற்றுவது. உள்ளே ஒரு வரிகூட மாறியிருக்காது, மேலே இன்றைய தேதி இருக்கும். உள்ளடக்கம் மாறாமல் தேதியை மாற்றாதீர்கள் என்று கூகுளின் வழிகாட்டுதலே எச்சரிக்கிறது. கூகுளை விடுங்கள். நம்மை நம்பி வருகிறவருக்குப் பழைய சட்டத்தைப் புதுத் தேதியில் கொடுப்பதை வேறு என்னவென்று சொல்வது? இன்னொரு குறுக்குவழி, பழையதை அழித்துவிடுவது. 2023-இல் சிநெட் என்ற அமெரிக்கத் தொழில்நுட்பத் தளம் தேடலில் மேலே வருவதற்காகத் தன் பழைய கட்டுரைகளை ஆயிரக்கணக்கில் நீக்கியது. பழையது என்பதற்காக எதையும் அழிக்க வேண்டாம் என்று கூகுள் அப்போது பகிரங்கமாகவே சொன்னது. நம் வரலாற்றை அழிக்க ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்கள். அந்த வேலையை நாமே செய்ய வேண்டியதில்லை.

தமிழில் சிக்கல் இன்னும் ஒரு படி கூடுதல். தேடுபொறி புதியதை மேலே கொண்டுவர வேண்டுமானால் புதியது என்று ஒன்று இருக்க வேண்டும். 18ஏ பற்றி ஆங்கிலத்தில் வழக்கறிஞர்களும் சட்ட இதழ்களும் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். தமிழில் யாரும் திருத்தி எழுதாவிட்டால், இருக்கிற பழையதுதான் மேலே வரும். வேறு எதைக் காட்டும் அது?

மேலவளவை எடுத்துக்கொள்ளுங்கள். 1997 ஜூன் 30 அன்று ஊராட்சி மன்றத் தலைவர் முருகேசனும் உடனிருந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 2001-இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை. 2009-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஒரு பக்கம் இதோடு முடிந்தால், படிக்கிற மாணவர் நீதி கிடைத்துவிட்டது என்று மூடிவைப்பார். 2019 நவம்பரில் 13 பேரைத் தமிழக அரசு முன்கூட்டியே விடுதலை செய்தது. அந்த ஒரு வரி இல்லாவிட்டால் அந்தப் பக்கம் சொல்வதே வேறு கதை.

ஆண்டுதோறும் நினைவு நாளில் நாம் என்ன செய்கிறோம்? அதே படம், அதே இரண்டு பத்தி, புதிய பதிவு. டிசம்பர் 25 வந்தால் கீழ்வெண்மணிக்கும் இதே கதைதான். பத்து ஆண்டில் பத்துப் பதிவு. ஒன்றுகூட முழுமையில்லை, இணைப்புத் தருகிறவர்களும் பத்துப் பக்கமாகச் சிதறிப்போகிறார்கள். ஒரு வழக்குக்கு ஒரே பக்கம், ஒரே முகவரி என்று வைத்துக்கொண்டு அதையே வளர்த்துக்கொண்டு போகலாம். மேலே இரண்டு தேதி போடுங்கள்: முதலில் எழுதியது, கடைசியாகத் திருத்தியது. என்ன மாறியது என்று ஒரு வரி. நினைவு நாளில் அந்த இணைப்பையே பகிருங்கள். இதெல்லாம் செய்தால் முதல் இடம் நிச்சயம் என்று நாம் சொல்ல வரவில்லை. பெரிய செய்தித்தளங்களின் பலம் நமக்கு இல்லை. ஆனால் அவர்கள் அன்றன்றைய செய்தியோடு போய்விடுவார்கள். மேல்முறையீடு, ஜாமீன், விடுதலை என்று இருபது ஆண்டு பின்தொடரும் பொறுமை நம்மிடம்தான் இருக்கிறது.

2018 ஏப்ரல் பதிவுகளை அப்படியே விட்டுவையுங்கள், அன்றைய கோபத்துக்கு அவை சாட்சி. தலைப்புக்குக் கீழே மட்டும் "இந்த நிலை மாறிவிட்டது, 18ஏ பிரிவைப் பாருங்கள்" என்று எழுதி, புதிய பக்கத்துக்கு இணைப்புக் கொடுங்கள். அடுத்து நிவாரணத் தொகை. 2016 விதிகளின்படி அது குற்றத்தைப் பொறுத்து 85,000 ரூபாயிலிருந்து 8,25,000 ரூபாய் வரை. அதற்கு முந்தைய தொகை எந்தப் பக்கத்தில் இருந்தாலும் அதை இந்த வாரமே திருத்திவிடுங்கள்.