பழங்காகிதமாகும் குடும்ப வரலாறு

ஆண்டுதோறும் நம் விழா மேடைகளில் சேரன் செங்குட்டுவன் இமயம் வரை சென்ற பெருமையைப் பேசுகிறோம், கேட்டுக் கைதட்டுகிறோம். ஆயின், நம் பாட்டனார் எந்த ஆண்டில், எவ்வூரினின்று, எத்தொழிலை நாடித் திருவனந்தபுரம் வந்தார் என வினவினால் நம்மில் எத்துணைப் பேர் விடை கூறவல்லோம்? ஈராயிரம் ஆண்டுப் பெருமையைக் காக்க நூலகங்கள் உண்டு, புலவர்கள் உண்டு. நம் குடும்பங்களின் நூறாண்டுப் பழமையைக் காக்க நம்மையன்றி எவருமிலர்.

இந்நகரம் 1795இல் பத்மநாபபுரத்திற்குப் பின் திருவிதாங்கூரின் தலைநகராயிற்று. சாலைக் கடைத்தெருவில் வாணிகம் செய்தோரும், கோட்டையகத்தும் கரமனையிலும் வலியசாலையிலும் அக்கிரகாரங்களில் வாழ்ந்தோரும், கச்சேரிகளில் எழுத்துவேலை பார்த்தோரும் இந்நகரை வளர்த்தவர்களே. 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. எல்லை நகர்ந்தது, நாம் இங்கேயே நின்றோம். அன்று முதல் தமிழ்நாட்டு வரலாறு களியக்காவிளையோடு நின்றுவிடுகிறது. கேரள வரலாற்றிலோ நாம் வெறும் அடிக்குறிப்பு.

"வரலாறு என்பது அரசர்க்கும் அறிஞர்க்கும் உரியது; எளியோராகிய நமக்கு அதில் என்ன பங்கு?" என்பர் சிலர். நாஞ்சில் நாட்டு அழகியபாண்டியபுரத்துப் பெரியவீட்டு முதலியார் குடும்பத்தில் கட்டுக்கட்டாகக் கிடந்த ஓலைகளைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை தேடிப் படித்தார். பின்னாளில் அ. கா. பெருமாள் அவற்றை ஆராய்ந்து நூலாக்கினார். வரியும் பாசனமும் நிலமும் வழக்குமாக நாஞ்சில் நாட்டின் வாழ்வு அவ்வீட்டுச் சுவடிகளிலிருந்தன்றோ வெளிப்பட்டது! முதலியார் செல்வர் எனலாம். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் பெயர்ப்பலகை எழுதி வாழ்ந்தவர். பிறர் ஒதுக்கிய நூல்களையும் துண்டறிக்கைகளையும் அவர் சேர்த்தார். அவர் மறைந்தபின், 1994இல், அச்சேகரிப்பே சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகத்திற்கு அடித்தளமாயிற்று.

"அரசு ஆவணக் காப்பகம் இருக்கிறதே?" என்பர் வேறு சிலர். இருக்கிறது. 2022இல் நம் கோட்டைப் பகுதியிலேயே ஓலைச்சுவடி அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது; அதனை மனமார வரவேற்கிறோம். எனினும் அரண்மனையும் கோயிலும் எழுதியவையே பெரும்பாலும் ஆங்குள்ளன. கடைப் பேரேடும், மொய்க்கணக்கும், சாதகமும், கல்யாணப் பத்திரிகையும், ஊரிலிருந்து வந்த அஞ்சலட்டையும் ஆங்கு இல்லை. அவை ஆக்கிரிக்கடைத் தராசில் எடைக்கு எடை போகின்றன. ஆ. மாதவன் (1934–2021) சாலைத் தெருவைக் கதைகளில் நிலைநிறுத்தினார். கதைகள் வாழ்கின்றன, அத்தெருக் கடைகளின் பேரேடுகள் எங்கே?

கறையானினும் கொடியது ஒன்றுண்டு. மலையாளமும் ஆங்கிலமும் மட்டுமே பயின்ற நம் பிள்ளைகளுக்குப் பாட்டியின் தமிழ்க் கடிதம் பூட்டிய பெட்டியே. எழுத்துக் கூட்டிப் படித்தாலும் கொல்லம் ஆண்டு புரியாது. 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய் என்பது தெரியாது. முதியோர் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்றால், கொல்லம் 1099ஆம் ஆண்டின், அதாவது 1924ஆம் ஆண்டின், பெருவெள்ளத்தைக் குறிப்பர். இளையோரோ 1999 என எண்ணுவர். பொருள் சொல்வார் மறைந்தபின் தாள் மட்டும் எஞ்சி என்ன பயன்?

"வீட்டுச் சங்கதியை வெளியிடலாமா?" என்பது இறுதித் தடை. கடன் பத்திரமும் பாகப்பிரிவினை வழக்கும் மானக்கேடு எனக் கருதிக் கொளுத்துவோர் உளர். முதலியார் ஓலைகளில் அடிமைகளை விற்று வாங்கிய ஆவணங்களும் உள்ளன. அவற்றை அன்று எவரேனும் நாணி எரித்திருப்பின், விற்கப்பட்ட மாந்தர்க்கு இன்று சாட்சியே இராது. திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிந்தது 1855இல் என்னும் ஒற்றை வரியோடு அவர்தம் துன்பம் முடிந்திருக்கும். பெருமையை மட்டும் பொறுக்கிச் சேர்ப்பது வரலாறு அன்று, அது தற்புகழ்ச்சி.

அலுவலகங்களில் கோப்போடு வாழும் நம்மில் பலர், நாளும் பெயரும் இல்லாத தாள் எதற்கும் சான்றாகாது என்பதை நன்கறிவோம். அவ்விதியை வீட்டிலும் கைக்கொள்வோம். நிழற்படத்தின் பின்புறம் பென்சிலால் பெயரும் ஊரும் ஆண்டும் குறிப்போம். முதியோர் பேச்சைக் கைப்பேசியில் பதிந்து, அதனை எழுத்திலும் வடிப்போம். மூலம் வீட்டிலேயே இருக்கட்டும். அதன் படி சங்கத்திற்கு வரட்டும். ஆடவர் உத்தியோகத்தை மட்டுமன்றி, எல்லை தாண்டி மணமாகி வந்த பெண்டிர் கதையையும் கேட்போம்.

சங்கம் இதற்கென ஒரு பதிவேடும் ஒரு பூட்டுள்ள அலமாரியும் ஒதுக்கட்டும். ஒரு பொன்னாடைச் செலவு குறைந்தால் தமிழ் குறைந்துவிடாது. அடுத்த மலரில் வாழ்த்துச் செய்திகளைச் சுருக்கி, பத்துக் குடும்பங்களின் தாள்களை அச்சிடுவோம். இந்நகரில் தமிழர் வாழ்ந்தனரா என்று நாளை எவரேனும் வினவினால், அவர்க்குக் காட்ட வேண்டியது மேடைப் பேச்சை அன்று, சான்றினை.