டி.எஸ்.ஹெச். நார்மல் வந்தால் மாத்திரையை நிறுத்தலாமா?

1/ காஞ்சிபுரத்தில் நான் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "டாக்டர், தைராய்டு டெஸ்ட் நார்மல்னு வந்துடுச்சு. அதான் மாத்திரைய நிறுத்திட்டேன்."

சொல்பவர்களில் பெண்களே அதிகம். சில மாதங்களில் அசதி, மலச்சிக்கல், மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு என்று திரும்ப வருவார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது மாத்திரையால் வந்த நார்மல். மாத்திரையை நிறுத்தினால் அதுவும் போய்விடும்.

2/ ஏன்? நம்மில் பலருக்கு தைராய்டு குறைவதற்குக் காரணம் ஹாஷிமோட்டோ நோய். நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியே கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பியைத் தாக்கி, கொஞ்சம் கொஞ்சமாக அழிக்கிறது.

1912இல் ஹகாரு ஹாஷிமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர் நான்கு பெண்களின் சுரப்பிகளை ஆராய்ந்து இதை முதலில் எழுதினார். உடம்பு தன்னையே தாக்குவதுதான் காரணம் என்று தெரிய 1956 வரை ஆனது.

3/ இது அபூர்வ நோய் இல்லை. சென்னை உட்பட 8 இந்திய நகரங்களில் 5,000க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய 11 சதவீதம் பேருக்கு தைராய்டு குறைவு. சுமார் 22 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் ஆன்டி டி.பி.ஓ. ஆன்டிபாடி இருந்தது.

கவனியுங்கள்: ஆன்டிபாடி இருந்தவர்கள், தைராய்டு குறைந்தவர்களைப் போல இரண்டு மடங்கு. ஆன்டிபாடி இருக்கும் எல்லோருக்கும் மாத்திரை தேவைப்படாது.

4/ இப்போ ரிப்போர்ட்டுக்கு வருவோம்.

டி.எஸ்.ஹெச். தைராய்டில் சுரப்பது அல்ல. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, "வேலை செய்" என்று தைராய்டுக்குப் போடும் சத்தம் அது. தைராய்டு மந்தமானால் சத்தம் கூடும். அதனால்தான் தைராய்டு குறையும்போது டி.எஸ்.ஹெச். ஏறுகிறது.

பெரும்பாலான லேப்களில் நார்மல் எல்லை சுமார் 0.4 முதல் 4 வரை. ஃப்ரீ டி4 என்பது ரத்தத்தில் உள்ள ஹார்மோனின் அளவு.

5/ டி.எஸ்.ஹெச். 10க்கு மேல் நிலையாக இருந்தால் பொதுவாக மாத்திரை தேவை.

4க்கும் 10க்கும் நடுவே இருந்து, ஃப்ரீ டி4 நார்மல் என்றால் பதற வேண்டாம். 2-3 மாதத்தில் மறுபடி பார்க்கலாம். பலருக்குத் தானாகவே இறங்கிவிடும். ஆன்டி டி.பி.ஓ. டெஸ்ட் உதவுவது இந்த இடத்தில்தான், அதுவும் ஒரே ஒரு தடவை.

6/ அந்த ஆன்டிபாடியை மாசாமாசம் பார்ப்பது வீண் செலவு. 600 இருந்தது 900 ஆனால் நோய் ஒன்றரை மடங்கு கூடிவிட்டது என்று அர்த்தமில்லை. மாத்திரையின் அளவை முடிவு செய்ய அது உதவாது. "ஆன்டிபாடியைக் குறைக்கும் பவுடர்" என்று யாராவது விற்றால் பணத்தைப் பத்திரப்படுத்துங்கள்.

7/ மாத்திரை ஆரம்பித்தாலோ, அளவை மாற்றினாலோ 6 முதல் 8 வாரம் கழித்துத்தான் டெஸ்ட். மருந்து பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும். இரண்டு வாரத்தில் பார்த்துவிட்டு "ஒண்ணும் குறையலையே" என்று டாக்டரை மாற்றாதீர்கள்.

முடிக்காக பயோட்டின் சாப்பிடுகிறவர்கள் டெஸ்டுக்கு 2 நாள் முன்பே நிறுத்துங்கள். அது ரிப்போர்ட்டையே தப்பாகக் காட்டும்.

8/ லெவோதைராக்சினை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போடுங்கள். காபிக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால். நம்ம ஊரில் எழுந்தவுடன் காபி இல்லாமல் ஆகாது, தெரியும். முடியாவிட்டால், இரவுச் சாப்பாடு முடிந்து 3 மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போடலாம். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி விடுங்கள்.

9/ நெசவு வீடுகளுக்கு ஒரு வார்த்தை. கோர்வை சேலைக்குத் தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். பல வீடுகளில் கணவனும் மனைவியும்தான் அந்த இரண்டு பேர். கை மரத்துப்போவதும் உடம்பு வலியும் வந்தால் "தறி வேலைன்னா அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறார்கள்.

தறியும் காரணமாக இருக்கலாம். ஆனால் தைராய்டு குறைந்தாலும் மணிக்கட்டில் நரம்பு அழுந்திக் கை மரக்கும். கூடவே எடை ஏற்றமும், குளிர் தாங்காமையும், தீராத அசதியும் இருந்தால் ஒரு டி.எஸ்.ஹெச். பார்த்துவிடுங்கள்.

10/ நிறுத்துவதில் பெரிய ஆபத்து கர்ப்பத்தில் இருக்கிறது. முதல் மூன்று மாதம் குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தேவையான தைராய்டு ஹார்மோன் அம்மாவிடமிருந்துதான் போக வேண்டும். நாள் தள்ளிப்போனது உறுதியானதுமே டாக்டரைப் பாருங்கள். பெரும்பாலும் அளவைக் கூட்டத்தான் வேண்டியிருக்கும். "கர்ப்பமா இருக்கும்போது மாத்திரை எதுக்கு" என்று சொல்லும் மாமியார்களே, இது குழந்தைக்கும் சேர்த்துத்தான்.

11/ எல்லோருக்கும் ஆயுள் முழுக்க மாத்திரையா? இல்லை. பிரசவத்துக்குப் பின் வரும் தைராய்டு குறைவு சிலருக்குச் சரியாகிவிடும். எல்லைக்கோட்டில் ஆரம்பித்தவர்களுக்கும் நிறுத்திப் பார்க்கலாம். அதை டாக்டர் சொல்லி, டெஸ்டோடு செய்ய வேண்டும். அளவு அதிகமானாலும் கெடுதல்தான்: படபடப்பு வரும், வயதானவர்களுக்கு எலும்பு தேயும்.

12/ 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. "சுகர் குறைஞ்சுடுச்சு, மாத்திரைய விடு" என்றால் இன்று பக்கத்து வீட்டுக்காரரே திட்டுவார். தைராய்டுக்கும் அந்தப் புரிதல் வர வேண்டும்.

அதற்கு மருத்துவர்கள் சீட்டில் இரண்டு வரி எழுதினால் போதும்: "நார்மல் வந்தாலும் நிறுத்தக் கூடாது. அடுத்த டெஸ்ட் இந்தத் தேதியில்." உங்கள் சீட்டில் அது இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். கேட்பது உங்கள் உரிமை.