சிட்டியும் சிட்டுக்குருவியும்

ஒரு கதை நமக்குப் பிடித்துப் போகிறது. அதற்கு இரண்டாம் பாகம் வரப்போகிறது என்று கேள்விப்பட்டதும் நாட்களை எண்ணிக்கொண்டு காத்திருக்கிறோம். வந்ததும் ஓடிப் போய்ப் பார்க்கிறோம். பார்த்து முடித்தபின், "நாம் காத்திருந்தது இதற்கா?" என்று மனம் சுணங்கிவிடுகிறது. இந்த ஏமாற்றத்தைப் பெரியவர்கள் சிறுபிள்ளைத்தனம் என்று சொல்லித் தள்ளிவிடுவது வழக்கம். அப்படித் தள்ளிவிடலாகாது என்பது என் கருத்து. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள் வெளிவந்த '2.0' என்னும் தமிழ்ப் படத்தை வைத்துக்கொண்டு இதைச் சற்று ஆராய்வோம்.

அல்லிநகரத்தில் சினிமாவைப் பற்றிப் பேச யாரும் கூச்சப்படுவதில்லை. இயக்குநர் பாரதிராஜா பிறந்த ஊர் அல்லவா! ஆனால் விஞ்ஞானப் பத்திரிகையில் சினிமாவுக்கு என்ன வேலை என்று உங்கள் ஆசிரியர் கேட்கக்கூடும். விஞ்ஞானத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்த படம் இது. ஆகவே விஞ்ஞானத்தின் சார்பில் அதனிடம் நாலு கேள்வி கேட்க நமக்கு உரிமை உண்டு.

முதற் பாகமான 'எந்திரன்' 2010-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் நாள் வந்தது. இரண்டையும் இயக்கியவர் ஷங்கர். பேராசிரியர் வசீகரன் 'சிட்டி' என்ற மனித உருவ இயந்திரத்தை உருவாக்குகிறார். வேகம் ஒரு டெராஹெர்ட்ஸ், நினைவாற்றல் ஒரு செட்டாபைட் என்று அதற்கு அறிமுகம். ஒரு செட்டாபைட் என்றால் ஒன்றுக்குப் பின்னால் 21 சுழிகள் போட்ட எண்ணிக்கையிலான பைட்டுகள். இது மிகைதான். ஆனால் அளவில் செய்த மிகை. கற்பனைக் கதைக்கு அந்தச் சலுகையை நாம் தாராளமாகக் கொடுக்கலாம்.

அந்தப் படத்தில் ஒரு கட்டம் வரும். தீப்பிடித்த கட்டடத்துக்குள் சிட்டி புகுந்து, குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை அப்படியே உடையின்றித் தூக்கி வந்து எல்லோர் முன்னாலும் நிறுத்திவிடுகிறது. உயிரைக் காப்பாற்றினோம், வேலை முடிந்தது என்பது இயந்திரத்தின் கணக்கு. அந்தப் பெண்ணோ அவமானம் தாங்காமல் ஓடி, வண்டியில் அடிபட்டு இறந்துபோகிறாள். கட்டளையைப் பிழையின்றி நிறைவேற்றிய இயந்திரம் எவ்வளவு பெரிய பிழையைச் செய்துவிட்டது, பாருங்கள்! மனிதன் வாய்விட்டுச் சொல்லாத விருப்பத்தை இயந்திரம் எப்படிப் புரிந்துகொள்ளும்? இது விளையாட்டுக் கேள்வி அன்று. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தபின் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் இருப்பவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் கேள்வியே இதுதான். நம்மூர்ப் படம் ஒன்று அதைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே பாமரருக்கும் விளங்கும்படி கேட்டுவிட்டது.

படத்தின் கடைசிக் காட்சியும் நினைவிருக்கும். 2030-ஆம் ஆண்டு, அருங்காட்சியகத்தில் கழற்றி வைக்கப்பட்ட சிட்டியிடம், ஏன் உன்னைப் பிரித்துப் போட்டார்கள் என்று ஒரு பள்ளிக் குழந்தை கேட்கிறது. தான் சிந்திக்கத் தொடங்கியதே காரணம் என்று சிட்டி சொல்கிறது. சிந்திக்கும் இயந்திரத்தை என்ன செய்வது? இந்தக் கேள்வியோடுதான் ரசிகர்கள் கொட்டகையைவிட்டு எழுந்து வந்தார்கள். இதே கேள்வியோடுதான் எட்டு ஆண்டுகள் கழித்து மறுபடியும் போய் உட்கார்ந்தார்கள்.

உட்கார்ந்தவர்களுக்குக் கிடைத்தது வேறு. சென்னையில் எல்லோருடைய கைப்பேசிகளும் திடீரென்று வானில் பறந்துவிடுகின்றன. பறந்து சேர்ந்து ஒரு ராட்சதப் பறவையாகின்றன. பட்சிராஜன் என்ற பறவையியல் அறிஞர், செல்பேசிக் கோபுரங்களின் கதிர்வீச்சால் பறவைகள் மடிவதைத் தடுக்க முடியாமல், ஒரு கோபுரத்திலேயே தூக்கிட்டுக்கொண்டவர். அவருடைய 'ஆரா'வும் இறந்த பறவைகளின் 'ஆரா'வும் ஒன்றுகூடிப் பழி வாங்குகின்றனவாம். அதை அடக்கச் சிட்டியை மீண்டும் பூட்டி எழுப்புகிறார்கள். சிட்டி சண்டை போடுகிறது. சிந்திப்பதாகத் தெரியவில்லை.

இந்தியாவில் அதுவரை எடுத்த படங்களிலேயே மிகுந்த செலவில் எடுக்கப்பட்டது என்று பேசப்பட்ட படம். கைப்பேசிகளால் ஆன அந்தப் பறவை சிறகடிக்கும் காட்சியைக் கணினி வரைகலைக்காக நானும் பாராட்டுவேன். ஆனால் ரசிகர்களின் மனக்குறை வரைகலையைப் பற்றியதன்று. கதை போகிற பாதையைப் பற்றியது.

வெளிநாட்டிலும் இப்படி ஒன்று நடந்தது. கணினியில் நாமே ஒரு வேடம் பூண்டு, மாய உலகில் உலவி ஆடும் விளையாட்டுகள் உண்டு என்பதை உங்களில் பலர் அறிவீர்கள். கனடா நாட்டின் பயோவேர் நிறுவனம் 2009 நவம்பரில் 'டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டது. மனிதனாகவோ, எல்ஃப் இனத்தவனாகவோ, குள்ளனாகவோ பிறந்து ஆட்டத்தைத் தொடங்கலாம். அதன் இரண்டாம் பாகம் 2011 மார்ச்சில், ஒன்றரை ஆண்டுகூட ஆகுமுன், வந்துவிட்டது. அதில் மனிதனாக மட்டுமே ஆட முடியும். பரந்த நாட்டுக்குப் பதில் பெரும்பாலும் ஒரே நகரம். ஒரே குகையைக் கதவை மட்டும் மாற்றி மாற்றி அடைத்துப் பலமுறை காட்டினார்கள். ஆடியவர்கள் கொதித்துப்போனார்கள். மந்திரமும் டிராகனும் உள்ள உலகில் எதுவும் நடக்கலாமே, இவர்களுக்கு என்ன குறை என்று வெளியாள் கேட்பான். எதுவும் நடக்கலாம் என்பது சரியன்று. மாய உலகத்துக்கும் விதிகள் உண்டு. முதற் பாகம் அந்த விதிகளை நமக்குச் சொல்லிக் கொடுக்கிறது. நாமும் நம்பிக் கற்றுக்கொள்கிறோம். இரண்டாம் பாகம் அவற்றை மீறும்போது நமக்கு உறுத்துகிறது. பரிசோதனை முடிவு சூத்திரத்தோடு ஒத்துப்போகாதபோது விஞ்ஞானிக்கு ஏற்படும் உறுத்தலும் ஏறக்குறைய இதே இனம்தான்.

'எந்திரன்' உலகின் விதி என்ன? அங்கே நடப்பதெல்லாம் மின்சுற்றாலும் நிரலாலும் நடக்கும் என்பது. '2.0' அந்த உலகுக்குள் ஆவியைக் கொண்டுவந்து, விஞ்ஞானச் சட்டை ஒன்றை அதற்கு மாட்டிவிட்டது. நுண்ணிய ஒளித்துகள்கள், நேர்மறை, எதிர்மறை என்றெல்லாம் வசனம் வருகிறது. ஒளித்துகளுக்கு மின்னேற்றமே கிடையாது என்று உங்கள் பாடநூலே சொல்லும். மனித உடலைச் சுற்றியுள்ள ஒளிவட்டத்தைப் படம் பிடிக்கலாம் என்ற நம்பிக்கை, 1939-இல் சோவியத் நாட்டில் செம்யோன் கிர்லியன் என்ற மின்பணியாளர் கண்ட ஒரு நிகழ்ச்சியிலிருந்து பரவியது. உயர் மின்னழுத்தத்தில் விரலையோ இலையையோ வைத்தால் சுற்றியுள்ள காற்று மின்னேற்றம் பெற்று ஒளிரும். பொருளில் உள்ள ஈரத்துக்குத் தக்கபடி அந்த ஒளி மாறும். வாடிய இலை மங்கலாகத் தெரிவதற்குக் காரணம் ஈரம் குறைந்ததே; உயிர் குறைந்ததன்று. செட்டாபைட் என்பது அளவில் மிகை என்றேனே, இது அப்படியன்று. இது வகையிலேயே மாறிவிட்ட பொய்.

படம் வெளிவருமுன்பே, செல்பேசிச் சேவை நிறுவனங்களின் சங்கம் இது விஞ்ஞானத்துக்குப் புறம்பான கருத்தைப் பரப்புகிறது என்று தணிக்கை வாரியத்திடம் முறையிட்டது. அவர்கள் கவலை வியாபாரக் கவலை. அதை நாம் சுமக்க வேண்டியதில்லை. ஆனால் படம் முடிந்து வந்த குழந்தைகள் பலர், கோபுரம் இருந்தால் குருவி சாகும் என்று உறுதியாக நம்பிக்கொண்டு வந்தார்களே, அதுதான் என் கவலை.

உண்மை என்ன? செல்பேசி அலைகள் மின்காந்த அலைகள். 900 மெகாஹெர்ட்சு அலையின் ஓர் ஒளித்துகளைவிடப் பச்சை ஒளியின் ஒரு துகளுக்குச் சுமார் ஆறு லட்சம் மடங்கு ஆற்றல் அதிகம். ஆகவே செல்பேசி அலையால் உயிரணுவின் வேதிப் பிணைப்புகளை நேரடியாக முறிக்க இயலாது. இதனால் ஆராய ஒன்றுமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2011-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இவ்வலைகளை 'புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்ற ஐயப் பட்டியலில் வைத்தது. நம் அரசும் 2012 செப்டம்பர் முதல் கோபுரங்களின் கதிர்வீச்சு வரம்பைச் சர்வதேசப் பரிந்துரையில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. எச்சரிக்கை நல்லதுதான்.

இனி வேடிக்கையைக் கேளுங்கள். மின்காந்த அலைகள் பறவைகளைக் குழப்புவதை விஞ்ஞானிகள் உண்மையிலேயே கண்டுபிடித்திருக்கிறார்கள்! ஜெர்மனியில் ஓல்டன்பர்க் நகரப் பல்கலைக்கழகத்தில், வலசை போகும் ராபின் பறவைகளை மரக்கூடங்களில் வைத்துப் பார்த்தார்கள். புவியின் காந்தப்புலத்தைக் கொண்டு திசை அறியும் பறவை அது. ஆனால் அங்கே திசை தெரியாமல் தடுமாறிற்று. கூடத்தை அலுமினியத் தகடுகளால் மூடி, தகடுகளைத் தரையோடு இணைத்தார்கள். வெளியிலிருந்து வரும் மின்காந்த இரைச்சல் அடைபட்டது. உடனே பறவைகள் சரியான திசையை நோக்கித் திரும்பின. இணைப்பைத் துண்டித்தால் மறுபடியும் குழப்பம். ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்து பார்த்துவிட்டு 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். குழப்பிய அலைகள் 50 கிலோஹெர்ட்சிலிருந்து 5 மெகாஹெர்ட்சுக்குள் இருப்பவை. அதாவது பழைய மத்திய அலை வானொலியும் மின்கருவிகளும் எழுப்பும் இரைச்சல், செல்பேசி அன்று. பிறகு நடந்த சோதனைகளில் 75 முதல் 85 மெகாஹெர்ட்சு வரையிலான அலையும் பறவைகளைக் குழப்பிற்று; 140 மெகாஹெர்ட்சுக்கு மேல் சோதித்த அலைகள் குழப்பவில்லை. செல்பேசிக் கோபுரங்களோ பெரும்பாலும் 700 மெகாஹெர்ட்சுக்கு மேலே வேலை செய்கின்றன. பறவையின் கண்ணுக்குள்ளேயே திசைகாட்டி இருக்கலாம் என்று கருதப்படுகிறது. ஆவியைவிட இது எவ்வளவு அற்புதம்! இவ்வளவு நல்ல விருந்து அடுப்பங்கரையில் ஆயத்தமாக இருக்க, படம் எடுத்தவர்கள் பழங்கஞ்சியைத் தூக்கி வந்து பரிமாறியதுதான் எனக்கு ஆற்றாமை.

சிட்டுக்குருவிக்கு வருவோம். ஐக்கிய இராச்சியத்தில் குருவிகள் குறையத் தொடங்கியது 1970-களின் இறுதியில். அப்போது செல்பேசிக் கோபுரங்களே இல்லை. இந்தியாவில் முதல் செல்பேசி உரையாடல் நடந்தது 1995 ஜூலையில். 2020-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் கடந்த 25 ஆண்டுகளில் குருவிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ நிலையாகவே இருக்கிறது என்றும், சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்றும் கூறிற்று. குருவி வளர்ந்தபின் தானியம் தின்னும். குஞ்சுக்கு முதல் சில நாட்கள் புழுபூச்சிதான் வேண்டும். கூடு கட்டப் பொந்து வேண்டும். ஓட்டு வீட்டின் இறவாணத்தில் அதற்கு இடம் இருந்தது. காங்கிரீட் தளத்தில் அது எங்கே போய்ச் செருகும்? கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களுக்கு மருந்து அடிப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். பூச்சி செத்தால் குஞ்சு எதைத் தின்னும்? இவற்றில் எந்தக் காரணம் எவ்வளவு பெரியது என்பது ஊருக்கு ஊர் மாறும்.

பட்சிராஜன் பாத்திரம் பறவையியல் அறிஞர் சாலிம் அலியை நினைவூட்டும் வகையில் அமைக்கப்பட்டது. சிறு வயதில் சுட்டு வீழ்த்திய ஒரு மஞ்சள் தொண்டைக் குருவி என்ன இனம் என்று கேட்கப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்குப் போனவர் அவர். அன்று பிடித்த ஆர்வம் 1987-இல் தமது 90-ஆம் வயதில் மறையும்வரை அவரை விடவில்லை. இந்தியாவில் கழுகுகள் அழிந்த கதை இன்னும் பெரியது. 1990-களில் பிணந்தின்னிக் கழுகு இனங்கள் மூன்று நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் அழிந்தன. காரணம் யாருக்கும் விளங்கவில்லை. மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்தே எமன் என்று 2004-இல் கண்டுபிடித்தார்கள். 2006-இல் கால்நடைகளுக்கு அம்மருந்து தடை செய்யப்பட்டது. குற்றவாளியைப் படிப்படியாகத் தேடிப் பிடித்த இந்தத் துப்பறியும் கதையில் ஆவி எதுவும் வரவில்லை.

நல்ல தொடர்ச்சி எழுத முடியாதா என்றால், முடியும். சுஜாதா 'என் இனிய இயந்திரா'வுக்கு அடுத்து 'மீண்டும் ஜீனோ' எழுதினார். இயந்திர நாய் ஜீனோ இரண்டாவது கதையில் முன்னைவிட ஆழமாகச் சிந்திக்கிறது, கேள்வி வளர்கிறது. 'எந்திரன்' வசனத்திலும் சுஜாதாவுக்குப் பங்கு உண்டு. படம் முடியுமுன், 2008 பிப்ரவரியில், அவர் மறைந்துவிட்டார். அவர் இருந்திருந்தால் இரண்டாம் பாகம் எப்படி இருந்திருக்கும் என்று யோசிப்பது வீண்தான். ஆனாலும் யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

கோபுரமா, கூரையா என்ற வழக்கை நீங்களே விசாரிக்கலாம். உங்கள் ஊரில் நான்கு வகைத் தெருக்களைத் தேர்ந்தெடுங்கள். கோபுரமும் ஓட்டு வீடுகளும் உள்ள தெரு. கோபுரமும் காங்கிரீட் வீடுகளும் உள்ள தெரு. கோபுரம் இல்லாத ஓட்டு வீட்டுத் தெரு. இரண்டும் இல்லாத தெரு. கோபுரம் உள்ள தெருவை மட்டும் பார்த்துவிட்டு முடிவு கட்டினால் கணக்கு தவறிவிடும். நான்கிலும் ஒரே வேளையில், ஒரே கால அளவுக்கு எண்ண வேண்டும். தேனி வாரச் சந்தையில் சாக்குகளைச் சுற்றிச் சிந்திய தானியத்தையும் மறந்துவிடாதீர்கள். அங்கே குருவிகள் கூடினால் அதற்குக் காரணம் தீனி. குருவியே வராத நாளில் சுழி என்று எழுதுங்கள். சுழியும் ஓர் அளவீடுதான். தமிழ்நாட்டில் 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஓர் இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ட பறவைகளையெல்லாம் எண்ணி, 'இ-பேர்டு' தளத்தில் பதிய வேண்டும். யார் வேண்டுமானாலும் சேரலாம்.