தாயைக் கேட்காத சான்றிதழ்

மலேசியா எண்டால் எங்கட ஆக்களுக்கு இரட்டைக் கோபுரமும் பத்துமலை முருகனும்தான் ஞாபகம் வரும். இந்திரா காந்தியையும் ஞாபகம் வைத்திருக்க வேண்டும். இந்தியப் பிரதமரை இல்லை. ஈப்போவில் பாலர் பாடசாலை ஆசிரியையாக இருந்த தமிழ்த் தாயை.

2009இல் அவருடைய கணவர் இஸ்லாத்துக்கு மாறினார். அது அவருடைய உரிமை. ஆனால் தாயைக் கேட்காமல், பிள்ளைகள் அந்த இடத்தில் இல்லாமலே, மூன்று பேரையும் மதம் மாற்றிச் சான்றிதழும் எடுத்துவிட்டார். ஒரு வயதுகூட ஆகாத கடைசி மகளைத் தன்னோடு கொண்டும் போய்விட்டார்.

தாய் நீதிமன்றம் போனார். ஆனால் ஷரியா நீதிமன்றத்துக்குரிய விடயங்களில் சிவில் நீதிமன்றங்களுக்கு அதிகாரமில்லை எண்டு 1988இல் அரசியலமைப்பைத் திருத்தி வைத்திருந்தார்கள். முஸ்லிம் அல்லாதவர் ஷரியா நீதிமன்றத்தில் வழக்காடவும் ஏலாது. அப்ப அந்தத் தாய் எங்கே போறது? அந்த மதமாற்றம் செல்லாது எண்டு கூட்டரசு நீதிமன்றம் சொல்ல 2018 ஜனவரி ஆகிவிட்டது. அதற்குப் பிறகும் பல வருடங்கள் அந்தப் பிள்ளை தாயிடம் வந்து சேரவில்லை.

இது ஒரு குடும்பச் சண்டை மட்டும் இல்லை. அங்கே மதமும் இனமும் ஒரே முடிச்சு. அரசியலமைப்பின் 160ஆம் உறுப்புரைப்படி, மலாய்க்காரர் எண்டால் முஸ்லிமாக இருக்க வேண்டும். 153ஆம் உறுப்புரை அரச வேலை, புலமைப்பரிசில், வணிக உரிமங்களில் மலாய்க்காரருக்கும் சபா, சரவாக் பூர்வகுடிகளுக்கும் ஒதுக்கீடு தருகிறது. ஏழை மலாய்க்காரரைத் தூக்கிவிடுவது நியாயம்தான். ஆனால் தோட்டத்தில் பால்வெட்டின தமிழனும் ஏழைதானே?

சலுகை பெற்றவர்களுக்கும் இதில் விடுதலை இல்லை. மலாய்ப் பெண்ணான லினா ஜோய் கிறிஸ்தவரானார். அடையாள அட்டையிலிருந்து 'இஸ்லாம்' என்ற சொல்லை நீக்கக் கேட்டார். 2007இல் அதே கூட்டரசு நீதிமன்றம் மறுத்துவிட்டது.

இதை வாசித்துவிட்டு முஸ்லிம்களைத் திட்டப் போறவர்களுக்கு ஒரு செய்தி: இந்திரா காந்தியின் பக்கம் நின்ற அந்த 2018 தீர்ப்பை எழுதியவர் ஸைனுன் அலி என்ற முஸ்லிம் பெண் நீதிபதி. குற்றம் மதத்தில் இல்லை, ஒரு மதத்தைத் தன் மதமாக்கிக்கொள்ளும் அரசில்தான் இருக்கிறது. பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுக்கிற 9ஆம் உறுப்புரையின் கீழ் வாழுற எங்களுக்கு இதை ஆரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.